ஆரஞ்சுக் கூடாரத்தில் போட்ட ஒட்டு

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், சின்னவள் நலத்துக்கும் ஒரு படி மேலே, அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, வருகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். பயப்படாதே, எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முன்பெல்லாம் லைன் கரகரக்கும், சொல்லக் கஷ்டமானதை அந்தக் கரகரப்பில் போட்டு மறைத்துவிடலாம். இப்போது நீ மூச்சை இழுப்பதுகூடப் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கிறது. அந்தப் பாதையில் பாதி இழையை நானே ஒட்டியிருக்கிறேன், யாரைப் போய்க் குறை சொல்ல.

இதை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பாட்டு நேரம், வெளியே பொடித் தூறல், பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஒட்டு மெஷினின் பெட்டிதான் மேஜை. வீடுதோறும் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் எங்கள் பகுதிக்கு இன்னும் நாற்பத்தோரு வீடுதான் பாக்கி. என் வேலை உனக்குத் தெரியும், தலைமுடி கனத்தில் இருக்கும் இரண்டு கண்ணாடி இழையைச் சுத்தமாக வெட்டி, நேருக்கு நேர் நிறுத்தி, ஒரு பொறியில் உருக்கி ஒன்றாக்குவது. ஒட்டு விழுந்ததும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிடுவேன். இந்தப் பக்கம் இருந்த வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது, எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்திருக்கும், ஒரு குழந்தை அதைத் தொட்டுப் பார்த்திருக்கும். நாடு முழுக்க ஒரே வீடு போலவும், நான் அறை அறையாகப் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவது போலவும் அப்போது தோன்றும். அப்பாவிடம் சொன்னால் "ஆரம்பிச்சுட்டா" என்பார். அவருக்கென்ன, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், பார்க்க முடிந்ததை மட்டும் நம்புவார். இரண்டு பேருக்கும் கண்ணாடிதான் சோறு போடுகிறது, கனவு மட்டும் எனக்கு. அது உனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு கேபிளிலும் ஓர் இழையை ஆராய்ச்சிக்கென்று சும்மா விட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது எங்கள் ஆபீசில் சிரித்தார்கள். "சும்மா கிடக்கிற கண்ணாடியில என்னத்தை ஆராயப் போறாங்க" என்று கேட்டார்கள். நம் மலைச்சாலைக் கேபிளில் அந்த ஓர் இழையைக் கேட்டு விண்ணப்பம் போட்டது என் பிள்ளை என்று தெரிந்த அன்று நான் ஆபீஸ் வராந்தாவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு முனையில் பெட்டி வைத்து ஒளியை விட்டுக்கொண்டே இருந்தால், மண் அசையும் இடத்தில் இழை நடுங்கும், ஒளியில் கொஞ்சம் திரும்பி வரும், எங்கே எவ்வளவு நடுங்கியது என்று அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ படித்துவிடுவாய். மண் சரிவதற்கு முன்பே மலை மேல் இருக்கும் முன்னூறு வீட்டுக்கும் சொல்லிவிடலாம். இதை நீ சாப்பாட்டு மேஜையில் ஒரு நூல்கண்டை இழுத்துக் காட்டி விளக்கினாய், அந்த நூலை நான் இன்னும் சுற்றவில்லை.

இனி அப்பா. நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாருக்கோ லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வலது கை மெஷினிலிருந்து தானாக நழுவியிருக்கிறது. முதலாளி வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பக்கவாதம், லேசானது என்று டாக்டர் சொன்னார், லேசானது என்றால் என்ன என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு திரும்பிவிட்டது, கை பரவாயில்லை, வலது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உன்னிடம் மறைத்தோம், கண்ணா. உன் பெட்டிக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் அந்த வாரம்தான் நடந்தது. அப்பா குழறிக் குழறி முதன்முதலில் சொன்ன முழு வாக்கியமே "அவன்கிட்ட சொல்லிடாத" என்பதுதான். பிறகு இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று போய், நன்றாக நடந்த பிறகு நானே சொல்கிறேன் என்று அவரே தள்ளி வைத்தார். வீடியோவில் பேசும்போது போனைப் பிடிக்கும் வேலை சின்னவளுக்கு, தோளுக்குக் கீழே காட்டக் கூடாது என்று உத்தரவு. "அப்பா என்ன ஸ்டூடியோல போட்டோ எடுக்க உக்காந்த மாதிரி இருக்காரு" என்று நீ கேலி செய்தாய், நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், நீ வைத்ததும் நான் குளியலறைக்குப் போய் அழுதேன். எங்களைத் திட்டு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் பயிற்சி கொடுக்கும் பெண் அவரைத் தெருவில் நடக்கச் சொன்னாள். நம் தெருதான் முட்டுச்சந்தாயிற்றே, வண்டி வராது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்புவார். கையில் நான்கு கால் ஊன்றுகோல், வாசலிலிருந்து கோடியில் இருக்கும் தையல்கடை வரை, அங்கிருந்து திரும்பி வீடு. ஊன்றுகோல் ஒரு தட்டு, இடது கால் ஓர் அடி, வலது கால் ஓர் இழுப்பு. தையல்காரம்மாவின் ஜன்னலுக்கு அடியில் ஒரு நிமிஷம் நிற்பார். "என்ன சார், இன்னைக்கு எந்த ஊர் வரைக்கும் பயணம்" என்று அவள் தினமும் கேட்பாள், அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டுதான் இவர் வீட்டிலிருந்தே கிளம்புவார். முதலில் போய்வர நாற்பது நிமிஷம் ஆயிற்று, இப்போது இருபத்திரண்டு. வியாழக்கிழமை மட்டும் நடை கிடையாது, அன்று ஆஸ்பத்திரியில் பயிற்சி. கண்ணா, இதைப் படிக்கும்போது நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். கொஞ்சம் தண்ணீர் குடி. ஆமாம், போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் போட்டுக் காட்டினாயே, "அம்மா, மலை நடக்குதும்மா, உள்ள தண்ணி ஒரு தாளத்துல அடிக்குது, தினம் சாயங்காலம் ஆரம்பிக்குது, ஒரே இடத்துல நிக்குது, மறுபடி கிளம்புது, மாசாமாசம் வேகம் கூடுது, இதை உலகத்துல யாருமே கேட்டதில்லம்மா" என்று சொல்லி. டொக், தப், சர்ர். டொக், தப், சர்ர். நான் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நடைக்குப் பக்கத்தில் தினமும் நடக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா. வியாழக்கிழமை மட்டும் மலை ஏன் ஓய்வெடுக்கிறது என்றுதான் பிடிபடவில்லை என்று நீ சிரித்தபோது நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை ஆராய்ச்சிக்கு உதவி கொடுக்கும் அரசாங்கக் குழுவின் முன் இதைத்தான் வைக்கப் போகிறேன், ஒத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்குத் தனிக் கூடம், தனி ஆட்கள் என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நீ பள்ளிக்கூடத்தில் படித்த நாளுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் குழிக்குப் போனேன். அங்கேதான் பெரிய கேபிள் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மலைச்சாலைக்கு, ஒன்று நம் குடியிருப்புக்கு. மூடியைத் தூக்கி, ஒட்டுப் பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் பார்த்தேன். மலைக்குப் போகிற வெள்ளை இழையோடு சேர வேண்டிய உன் இழை, நம் தெருவுக்கு வருகிற ஆரஞ்சு இழையோடு சேர்ந்து சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஒட்டு அவ்வளவு அழகாக இருந்தது, கண்ணா, அதுதான் வயிற்றெரிச்சல். அதைப் போட்டவள் நான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் அது, மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டம், நல்ல மழை, மழைக்காக ஆபீசில் புதிதாகக் கொடுத்திருந்த ஆரஞ்சுக் கூடாரத்தை விரித்து உள்ளே உட்கார்ந்தேன். ஆரஞ்சுத் துணிக்குள் வருகிற வெளிச்சத்தில் வெள்ளையும் ஆரஞ்சும் ஒரே நிறம். வெளியே ஒருவர் நின்று நிறத்தை வாசித்துச் சரி பார்க்க வேண்டும் என்பது விதி, அன்று அந்த ஆள் விடுப்பு. ஒட்டில் வெளிச்சம் எவ்வளவு இழக்கிறது என்று அளந்தேன், ஒன்றும் இழக்கவில்லை என்று காட்டியது, மூடிவிட்டுக் கிளம்பினேன். இழையின் நீளத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், மலைப்பாதை ஒன்பது கிலோமீட்டர், நம் தெருவோடு முடிகிற பாதை ஆறுதான். நீயும் அதைக் கேட்டாய், உங்கள் வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் கூடுதலாக இருக்கிறதே என்று. எங்கள் ஆபீஸ் வரைபடம் எந்தக் காலத்தில் சரியாக இருந்தது என்று நானே சொல்லி உன் வாயை அடைத்தேன். மற்றவர்கள் நடையையெல்லாம் மலைச்சாலையில் போகிற வருகிற சத்தம் என்று நீ சலித்து எடுத்துவிட்டாய், தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்த ஒரு நடைதான் மிச்சம் நின்றது. குழிக்குப் பக்கத்திலேயே வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன், பஸ்கள் வந்து போயின. நீ ஒரு மூலையில், அப்பா ஒரு மூலையில், நடுவில் நான் தப்பாகப் போட்ட ஒட்டு, அதன் வழியாக மூன்று மாதத்துக்கும் மேலாக ஒருவர் நடக்க ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்தபோது எனக்கு வெட்கத்தை மீறி ஒரு மயக்கம் வந்தது, தப்பு செய்தவளுக்கு வரக் கூடாத மயக்கம்தான், இருந்தாலும் வந்தது.

எங்கள் மேற்பார்வையாளரை உனக்குத் தெரியும், எதற்கெடுத்தாலும் முத்திரை குத்துகிறவர் என்பதால் அவரை முத்திரை என்றே கூப்பிடுகிறோம். அவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாக, "எதுக்குப் பெரிசு பண்றீங்க, குழியைத் திறங்க, மாத்தி ஒட்டுங்க, மூடுங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். நல்ல மனுஷன், என் நல்லதுக்குத்தான் சொன்னார். அடுத்த மாதம் திறக்கும் பயிற்சி மையத்துக்கு ஒட்டு சொல்லிக் கொடுக்க என் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறார், என் பெயரில் ஒரு பிழை அறிக்கை போனால் அது நிற்காது. ஒரு ராத்திரி யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி மனது ஆமாம் என்றுதான் சொல்லியது. ஆனால் நான் ஓசைப்படாமல் மாற்றி ஒட்டினால் என்ன ஆகும். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு உன் மலை நடக்காது. மறுநாளும் நடக்காது. மலை ஏன் நின்றுவிட்டது என்று நீ பத்து வருஷம் தேடுவாய், உன் தலைமுடி நரைக்கும், உனக்குப் பின்னால் வருகிறவர்களும் தேடுவார்கள், பதில் நம் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு சாய்ந்திருக்கும். மாற்றாமல் விடவும் வழியில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் பெருமழை தொடங்கிவிடும், மேலே முன்னூறு வீடு, அந்த மலைக்கு இன்று வரை காது இல்லை, இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நேற்றுக் காலையில் என் பெயரிலேயே பிழை அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன், நகல் இந்த உறையில் இருக்கிறது. முத்திரை அதை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஒட்டை வெட்டி, வெள்ளையோடு சேர்க்கிறேன், இந்த முறை கூடாரம் கிடையாது, மழை வந்தால் குடை பிடிக்க ஆள் இருக்கிறது. பிழை என்னுடையது என்பது அறிக்கையில் தெளிவாக இருக்கிறது, ஆனால் குழுவின் முன் நீயாகவே போய்ச் சொல்லு, அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே. கூடம் கிடைக்காமல் போகலாம். அதை நினைத்தால் உன் சந்தோஷத்தை என் கையாலேயே பறித்துக்கொள்கிறேன் என்று இருக்கிறது, இதைவிட எனக்கு ஒரு தண்டனை வேண்டாம். என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன் போல.

நேற்றுச் சாயங்காலம் நடை முடிந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னவளும் இருந்தாள், அவள் கவலையே வேறு, "அப்ப நான் சுவரேறிக் குதிச்சதும் அண்ணனுக்குத் தெரியுமா" என்று கேட்டாள். எதற்குக் குதித்தாள் என்பது தனி விசாரணை, நடந்துகொண்டிருக்கிறது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விழுந்த அன்னைக்கும் கேட்டிருப்பானா" என்றார். அது உனக்குத் தெரியாது. இரண்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வேலையில், சின்னவள் வகுப்பில், தனியாகக் கிளம்பியவர் தையல்கடைக்குப் பத்தடி முன்னால் விழுந்துவிட்டார். தையல்காரம்மா அன்று கடை திறக்கவில்லை, தெருவில் ஈ காக்காய் இல்லை. எங்களிடமே பத்து நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். நீ அந்த வாரம் போன் செய்து, பெரிய அதிர்வு ஒன்று விழுந்திருக்கிறது, பிறகு ஒன்பது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை, உள்ளே பாறை ஏதோ புரண்டிருக்க வேண்டும் என்று துள்ளினாய், கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன் என்றாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, நீ என்ன கண்டாய். அப்பாவிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன், அவமானப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "அப்ப எழுந்திருச்சதையும் கேட்டிருப்பான்ல" என்றார். பிடித்து எழ ஒரு கம்பிகூட இல்லாத இடத்தில், யார் கையும் இல்லாமல், ஒன்பது நிமிஷத்தில் தானாக எழுந்து வீடு வந்து சேர்ந்ததுதான் இந்த நான்கு மாதத்தில் அவருக்குப் பெருமை, அதைப் பார்க்க ஒருவரும் இல்லாமல் போய்விட்டதே என்று மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அந்தப் பதிவை அழித்துவிடாதே. மலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாவிட்டால் போகட்டும், ஒரு மனிதர் நாளுக்கு நாள் நடக்கக் கற்றுக்கொண்டது அதில் முழுசாக இருக்கிறது. பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னால் கேட்டு வாங்கிக்கொள்வாள் என்று தோன்றுகிறது, அது ஆராய்ச்சியில் சேருமா சேராதா என்று உன் படிப்புக்குத்தான் தெரியும்.

தூறல் நின்றுவிட்டது, கீழே ஒரு வீட்டு அம்மா எப்போது இணைப்பு வரும் என்று மூன்றாவது முறை எட்டிப் பார்த்துவிட்டாள், நான் போக வேண்டும். நீ மனதைத் தளர விடாதே. உன் கையும் மூளையும் உன்னிடம்தான் இருக்கிறது, மலையும் எங்கேயும் போய்விடவில்லை. நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், தப்பைத் தப்பு என்று சொல்லும் தைரியம் எந்தச் சபையிலும் உனக்குக் குறையக் கூடாது, இதுதான் அம்மாவின் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை வெட்டிவிடுவேன், அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நடை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடு. நடப்பது அப்பா என்று தெரிந்தே நீ கேட்கப் போகும் நடையும் அதுதான். கேட்கத்தான் முடியும், அவனால் உங்களைப் பார்க்க முடியாது என்று எத்தனை முறை சொல்லியும் கேட்காமல், நீல நிறச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வழியில் தப்பாக ஓர் ஒட்டுப் போட்ட,
உன் அன்பு அம்மா.